பட்டப்படிப்பை மதிப்பிடுவது யார்? ஆசிரியர் மேற்பார்வையும் தலித் மாணவரும்

2022 சூலையில், சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் முதுகலை வரலாறு முதலாமாண்டு மாணவர்கள் தேர்வுக்கூடத்தில் ஒரு வினாவைக் கண்டனர். தமிழ்நாட்டைச் சேர்ந்த தாழ்ந்த சாதி எது என்று அவ்வினா கேட்டது. தேர்ந்துகொள்வதற்கு நான்கு சமூகங்களின் பெயர்களும் தரப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று 'ஹரிஜன்'. சாதிச் சான்றிதழ்களில் இச்சொல்லை எழுதக் கூடாதென்று நடுவண் அரசு 1982இலேயே சுற்றறிக்கை விட்டிருந்தது. தாளின் பாடமோ தமிழ்நாட்டு விடுதலை இயக்க வரலாறு. கண்டனங்கள் எழுந்தன, உயர்கல்வித்துறை விசாரணைக்கு உத்தரவிட்டது.

பெரியாரின் பெயரைத் தாங்கிய பல்கலைக்கழகத்திலா இப்படி என்றே பலரும் கேட்டார்கள். நமக்கு அதைவிட முக்கியமாகப் படுவது துணைவேந்தர் அப்போது தந்த விளக்கம். வினாத்தாளை உருவாக்கியவர்கள் வெளி நிறுவன ஆசிரியர்கள் என்றும், வினாத்தாள் கசிந்துவிடக் கூடாதென்பதால் தேர்வுக்கு முன் அதைப் படித்துப் பார்க்கும் வழக்கம் இல்லை என்றும் அவர் கூறினார். இவ்விளக்கம் உண்மையாகவே இருக்கலாம். அது உண்மை என்பதுதான் சிக்கல். பாடத்தை நடத்தியவர் வினாவை எழுதவில்லை. வினாவை எழுதியவர் அம்மாணவர்களைப் பார்த்ததில்லை. இருவருக்கும் இடையே பொறுப்புடன் படித்துப் பார்க்கும் ஆசிரியர் குழு ஒன்று இயங்கவில்லை. பூட்டு இருந்தது, காவல் இல்லை.

இக்கட்டுரை அந்தக் காவலைப் பற்றியது. பல்கலைக்கழகத்தில் இரண்டு வகை மதிப்பீடுகள் நடக்கின்றன. ஒன்று நாமெல்லாரும் அறிந்தது: மாணவர் கற்றாரா என்று பார்க்கும் தேர்வு. மற்றொன்று அதிகம் பேசப்படாதது: ஒரு பட்டப்படிப்பு தான் கற்பிப்பதாகச் சொன்னதைக் கற்பித்ததா என்று பார்க்கும் மதிப்பீடு. இதைப் படிப்பு மதிப்பீடு என்று அழைப்போம். பாடத்திட்டம் பொருத்தமானதா, வினாத்தாள் பாடத்திட்டத்தோடு பொருந்தியதா, மதிப்பெண் வழங்கிய முறை நேர்மையானதா, தோற்றவர்கள் ஏன் தோற்றார்கள், இடையில் நின்றவர்கள் எங்கே போனார்கள் என்னும் கேள்விகள் இதில் அடங்கும். இவற்றைக் கேட்கும் உரிமையும் கடமையும் ஆசிரியர்களுக்குக் கூட்டாக உண்டு என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட கோட்பாடு. உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை குறித்து யுனெஸ்கோ 1997இல் நிறைவேற்றிய பரிந்துரை, பாடத்திட்டம் உள்ளிட்ட முடிவுகளில் ஆசிரியர்களின் பங்கேற்பை வலியுறுத்துகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமும் பிற அமைப்புகளும் 1966இல் வகுத்த ஆட்சிமுறை அறிக்கை, பாடத்திட்டத்துக்கும் கற்பிக்கும் முறைக்கும் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது என்கிறது.

இது ஏதோ நிர்வாகச் சங்கதி என்று தலித் மாணவர் இயக்கங்கள் கடந்து சென்றுவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். கல்வி உதவித்தொகை நிற்கும்போது போராடுகிறோம். விடுதிச் சோறு கெட்டுப்போனால் சாலையில் அமர்கிறோம். ஆனால் ஐந்து அரியரோடு ஊருக்குத் திரும்பும் மாணவரை அவரவர் தலைவிதி என்று விட்டுவிடுகிறோம். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர் தோற்றால், 'படிக்கவில்லை' என்ற ஒரே விடையை அவர் தோளில் ஏற்றிவிடுகிறது கல்லூரி. வீடும் அதை நம்பிவிடுகிறது. படிப்பு மதிப்பீடு ஒழுங்காக நடந்தால் அவ்விடையின் பாதி கல்லூரியின் தோளுக்கு மாறும்.

திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை

சேலத்தில் கேட்கப்பட்ட அந்தத் தாளின் பாடப்பொருளை வேதாரண்யத்தைத் தொடாமல் எவரும் நடத்த முடியாது. 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து இராசாசியின் தலைமையில் புறப்பட்ட உப்புச் சத்தியாகிரகப் படை, சுமார் 240 கிலோமீட்டர் நடந்து ஏப்ரல் 28இல் வேதாரண்யத்தை அடைந்தது. அதே ஊருக்கு அதே திருச்சியிலிருந்து இன்று வேறொன்று வந்துகொண்டிருக்கிறது: பாடத்திட்டம், வினாத்தாள், தேர்வு முடிவு. வேதாரண்யம் அரசு கலை அறிவியல் கல்லூரி, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியாகத் தொடங்கிப் பின்னர் அரசுக் கல்லூரியானது. உறுப்புக் கல்லூரிகளை அரசே ஏற்கும் முடிவு 2018இல் அறிவிக்கப்பட்டு அடுத்தடுத்த ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பிரிக்கப்படாத நாகப்பட்டினம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 31.5 விழுக்காடு, மாநில அளவில் அது 20 விழுக்காடு. உப்பளத்திலும் வயலிலும் கூலிக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தஞ்சாவூரோ திருச்சியோ போய் விடுதியில் தங்கிப் படிப்பது எளிதன்று. ஊருக்குப் பக்கத்தில் கல்லூரி வந்தது பெரிய மாற்றம். அதை நாம் குறைத்துப் பேசவில்லை.

கல்லூரி பக்கத்தில் வந்ததே தவிர, கல்வி பற்றிய முடிவு பக்கத்தில் வரவில்லை. பாரதிதாசன் பல்கலைக்கழகச் சட்டம் 1981இல் இயற்றப்பட்டது. பல்கலைக்கழகம் 1982இல் தொடங்கியது. ஆட்சிப்பேரவை, ஆட்சிக்குழு, கல்விசார் நிலைக்குழு, ஒவ்வொரு துறைக்கும் பாடத்திட்டக் குழு என்பவை அதன் அமைப்புகள். ஒரு பட்டப்படிப்பில் என்ன கற்பிக்க வேண்டும் என்பதைப் பாடத்திட்டக் குழு வரைகிறது. நிலைக்குழு அதை ஏற்கிறது அல்லது திருத்துகிறது. இணைவுக் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் இக்குழுக்களில் இடம்பெறுவதுண்டு. ஆனால் அவர்கள் நியமனம் பெற்று வருபவர்கள். வேதாரண்யத்தில் ஒரு பாடத்தைப் பத்தாண்டுகள் நடத்தினார் என்பதற்காக எவருக்கும் அக்குழுவில் இருக்கை உரித்தாவதில்லை. எந்த அலகு மாணவர்களுக்குப் பிடிபடவில்லை, எந்தப் பாடநூல் கையில் கிடைப்பதே இல்லை, தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர் ஆங்கில வினாவின் எந்தச் சொல்லில் தடுக்கி விழுகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதைச் சொல்வதற்கான இடம்தான் அவருக்கு இல்லை.

தன்னாட்சிக் கல்லூரிகளின் நிலை வேறு. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கான பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி, பாடத்திட்டக் குழுவில் துறைத்தலைவர் தலைவராக இருப்பார். துறை ஆசிரியர்கள் அனைவரும் உறுப்பினர்கள். கல்விக்குழு நியமிக்கும் வெளி வல்லுநர் இருவர், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், சிறந்த முன்னாள் மாணவர் ஒருவர் ஆகியோரும் உண்டு. இந்தப் பட்டியலை நாம் இரண்டு முறை படித்தோம். தொழில்துறைக்கு இருக்கை இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி ஆசிரியருக்கென ஓர் இருக்கை இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 16(4) பிரிவு வேலைக்கான பணியிடங்களில் இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்கிறது. அதன் கை குழு இருக்கைகள் வரை நீளவில்லை.

இணைவுக் கல்லூரிகளுக்குள் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும்பங்கை நடத்துவோர் கௌரவ விரிவுரையாளர்கள். வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று மானியக் குழு 2019இல் வகுத்தது. தமிழ்நாட்டில் அவர்கள் பெற்றுவந்தது அதில் பாதியோ அதற்கும் குறைவோதான். அடுத்த கல்வியாண்டில் பணி இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம், 'இந்தப் பாடத்திட்டம் சரியில்லை', 'இந்த அகமதிப்பெண் பட்டியல் நேர்மையாக இல்லை' என்று எழுதிக் கையொப்பமிடச் சொல்வது எப்படி? ஆசிரியர் மேற்பார்வை பற்றிய பேச்சு பணிப் பாதுகாப்பு பற்றிய பேச்சிலிருந்து பிரிக்க முடியாதது. கௌரவ விரிவுரையாளர் போராட்டங்களை ஊதியப் போராட்டங்களாக மட்டும் பார்ப்பது நம் பிழை.

மூன்று, இரண்டு, ஒன்று

படிப்பு மதிப்பீடே நடப்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. காகிதத்தில் அது மிக விரிவாக நடக்கிறது. 'விளைவு சார்ந்த கல்வி' என்ற பெயரில், ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கைந்து பாட விளைவுகள் எழுதப்படுகின்றன. முழுப் பட்டத்துக்கும் படிப்பு விளைவுகள் எழுதப்படுகின்றன. நினைவுகூர்தல் தொடங்கிப் படைத்தல் வரை கே1 முதல் கே6 என்று அறிவுநிலைகள் குறிக்கப்படுகின்றன. பாட விளைவு ஒவ்வொன்றும் படிப்பு விளைவு ஒவ்வொன்றோடும் எவ்வளவு பொருந்துகிறது என்பதை 3, 2, 1 என்ற எண்களால் ஒரு கட்டத்தில் நிரப்புகிறார்கள். பிறகு மாணவரின் மதிப்பெண்களிலிருந்து 'அடைவு' கணக்கிடப்படுகிறது. இலக்கு எட்டப்பட்டதா என்பதற்கு ஒரு விழுக்காடு கிடைக்கும். தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவையான நாக் வரும்போது அந்தக் கோப்பு மேசைமேல் இருக்கும்.

இம்முறையின் கருத்து தவறானதன்று. எதைக் கற்பிக்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, கற்பித்தோமா என்று பின்னர் சோதித்துப் பார்ப்பது நியாயமானதே. தவறு எங்கே என்றால், கட்டத்தில் 3 என்று எழுதுவதற்கும் 2 என்று எழுதுவதற்கும் இடையே ஆசிரியர்கள் உட்கார்ந்து விவாதிக்க வேண்டியிருந்தது. அந்த விவாதம் மறைந்து எண் மட்டும் எஞ்சிவிட்டது. சென்ற ஆண்டின் கோப்பை எடுத்து ஆண்டை மட்டும் மாற்றும் வழக்கம் எந்தக் கல்லூரியில் இருக்கிறது, எதில் இல்லை என்பதை மாணவர்களே நன்கறிவார்கள்.

அடைவு விழுக்காட்டுக்குள் என்ன மறையும் என்பதைக் கற்பனைக் கணக்கு ஒன்றால் பார்ப்போம். ஒரு வகுப்பில் 60 பேர். அவர்களுள் 45 பேர் தேறுகிறார்கள். தேர்ச்சி 75 விழுக்காடு; இலக்கு 70 என்றால் அடைந்தாயிற்று, கோப்பை மூடலாம். அந்த 60 பேரில் 20 பேர் பட்டியல் சாதி மாணவர்கள் என்றும், அவர்களுள் தேறியவர் 8 பேர் என்றும் கொள்வோம். அவர்களின் தேர்ச்சி 40 விழுக்காடு. மற்ற 40 பேரில் தேறியவர் 37 பேர், 92.5 விழுக்காடு. ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம், ஒரே பாடத்திட்டத்தில் இரண்டு வெவ்வேறு பட்டப்படிப்புகள் நடந்திருக்கின்றன. 75 என்ற எண் அதைச் சொல்லாது.

நாக் அவையின் அளவுகோல்களும் இதைக் கேட்பதில்லை. இரண்டாம் அளவுகோலில், இடஒதுக்கீட்டு இடங்கள் எவ்வளவு நிரப்பப்பட்டன என்ற கேள்வி இருக்கிறது. அதே அளவுகோலின் பிற்பகுதியில் தேர்ச்சி விழுக்காடு கேட்கப்படுகிறது. அது மொத்தத் தேர்ச்சி. வாசலில் நுழைந்தவரின் சாதி எண்ணப்படுகிறது. வெளியே வந்தவரை எண்ணும்போது அது கைவிடப்படுகிறது. நுழைவில் தமிழ்நாடு பெருமைப்படலாம். 2021-22ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டினுடையது 47. பட்டியல் சாதியினரின் விகிதம் மாநிலச் சராசரியைவிடக் குறைவென்றாலும் நாட்டின் பொதுச் சராசரியைவிட மேலானது. உள்ளே வந்த இத்தனை பேருக்கும் பட்டம் கிடைத்ததா, எந்த வகுப்பில் கிடைத்தது, எத்தனை அரியருக்குப் பிறகு கிடைத்தது என்பதே அடுத்த கேள்வி.

நாக் தரச்சான்றையே எல்லாவற்றுக்கும் விடையாகக் கருதுவோர், 2025 பிப்ரவரியில் நடந்ததை நினைவில் கொள்ளலாம். ஆந்திரத்தில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரம் வழங்க இலஞ்சம் பெற்றதாக, நாக் ஆய்வுக்குழு உறுப்பினர்களை நடுவண் புலனாய்வுத்துறை கைது செய்தது. வெளியிலிருந்து மூன்று நாள் வந்து போகும் குழு, உள்ளே மூன்றாண்டுகள் இருக்கும் ஆசிரியரின் இடத்தை நிரப்ப முடியாது.

மேற்பார்வை என்ற பெயரில்

ஆசிரியர் மேற்பார்வை இல்லாதபோது நடந்ததற்குச் சேலம் சான்று. ஆசிரியர்களுக்கு மேலே ஒரு 'மேற்பார்வை' வந்தபோது நடந்ததற்கு தில்லி சான்று. அதில் அடிபட்டவர்கள் இரண்டு தமிழ் தலித் எழுத்தாளர்கள்.

தில்லிப் பல்கலைக்கழகத்தில் விளைவு சார்ந்த பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, துறைகள் வரைந்த பாடத்திட்டங்களைச் சரிபார்க்க மேற்பார்வைக் குழு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. இளங்கலை ஆங்கிலம் ஐந்தாம் பருவத்தில் பெண்களின் எழுத்து பற்றிய தாளிலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளையும், மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதையையும் அக்குழு நீக்கியது. 2021 ஆகஸ்டில் கல்விக்குழு கூடியபோது உறுப்பினர்கள் 15 பேர் எழுத்து வடிவில் மறுப்பு தெரிவித்தனர். மேற்பார்வைக் குழுவில் தலித் அல்லது பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர்கூட இல்லை என்பதும், உரிய துறைகளின் வல்லுநர்கள் இல்லை என்பதும் அம்மறுப்பின் முக்கியக் கூறுகள். ஆயினும் நீக்கம் நிறைவேறியது. எவர் மனமும் புண்படக் கூடாதென்ற வாதம் நிர்வாகத்தின் தரப்பில் வைக்கப்பட்டது. சேலத்து வினாவால் எவர் மனம் புண்படும் என்று ஒருவரும் முன்கூட்டி எண்ணிப் பார்க்கவில்லை என்பதையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'சங்கதி'யைப் பாடமாக வைத்தால் புண்படுபவர் வேறு. தாழ்ந்த சாதி எது என்று கேட்டால் புண்படுபவர் வேறு. நிறுவனத்தின் கண்ணுக்கு முன்னவர் தெரிகிறார்.

அந்தப் 15 பேரின் மறுப்பு தோற்றது. ஆனாலும் அது பதிவில் இருக்கிறது. அது இல்லாவிட்டால், குழுவில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பது வெளியுலகுக்குத் தெரிந்திருக்காது. ஆசிரியர்கள் கூட்டாக எழுதும் ஒரு மறுப்புக் குறிப்பின் மதிப்பு அதுதான்.

எனவே அதிகாரத்தை ஆசிரியர்களிடம் கொடுத்துவிட்டால் போதும் என்று நாம் முடித்துவிடலாமா? முடியாது. ஆசிரியர் என்பவர் சாதியற்ற ஓர் உயிர் அல்லர். எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நிலவிய சாதிப் பாகுபாட்டை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை அளித்தது. செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தங்கள் சாதி மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதாகப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் அக்குழுவிடம் கூறியிருந்தனர். அங்கே மதிப்பிட்டவர்கள் ஆசிரியர்களே. நாடு முழுவதும் உயர்கல்வி ஆசிரியர்களில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 9 விழுக்காடு. பழங்குடியினர் இரண்டரை விழுக்காட்டை ஒட்டி நிற்கிறார்கள். வேதாரண்யத்தைப் பொறுத்தவரை, 2019 ஆகஸ்ட் 25 அன்று நகரின் நடுவே அம்பேத்கர் சிலை பட்டப்பகலில் உடைக்கப்பட்டதை மறந்துவிட்டு எந்த வகுப்பறையைப் பற்றியும் பேச இயலாது. மாணவரும் ஆசிரியரும் அதே தெருக்களிலிருந்துதான் வருகிறார்கள்.

2023இல் மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை எல்லாக் கல்லூரிகளுக்கும் கொண்டுவர முனைந்தபோது, ஆசிரியர் அமைப்புகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும் எதிர்த்தன. பாடத்திட்டம் வகுப்பது தங்கள் உரிமை என்றன. தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு அது கட்டாயமில்லை என்று அவ்வாண்டு ஆகஸ்டில் அமைச்சர் விளக்க வேண்டியதாயிற்று. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். ஆனால் தன்னாட்சியைக் காக்க எழுந்த குரல்களில், அந்தத் தன்னாட்சிக் குழுக்களில் தலித் ஆசிரியர் எத்தனை பேர் என்ற கேள்வியை நாம் கேட்கவில்லை. உரிமை ஆசிரியர்களுடையது என்றால், எந்த ஆசிரியர்கள்?

இக்கேள்வி புதியதன்று. அண்ணல் அம்பேத்கர் 1927இல் பம்பாய் சட்டசபையில், பம்பாய்ப் பல்கலைக்கழகச் சட்டத் திருத்தத்தின் மீது பேசினார். பல்கலைக்கழகம் என்பது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அலுவலகம் மட்டுமன்று, ஏழைகளின் வாசலுக்கு உயர்கல்வியைக் கொண்டுசெல்வது அதன் அடிப்படைக் கடமை என்பது அவர் நிலைப்பாடு. ஆட்சிப்பேரவையில் பின்தள்ளப்பட்ட வகுப்பினருக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று அவர் வாதிட்டதும் அந்தக் கடமையின் தொடர்ச்சியாகத்தான். கல்லூரி இடங்களுக்கான ஒதுக்கீட்டைப் பற்றி நாம் நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு, கல்வியை ஆளும் குழுக்களுக்கான அவருடைய இந்தக் கோரிக்கையை நாம் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

முகம் தெரியும் மதிப்பெண்

நடைமுறைக்கு வருவோம். இணைவுக் கல்லூரிகளில் ஒரு தாளுக்கான 100 மதிப்பெண் பொதுவாக 25, 75 என்று பிரிகிறது. 75 மதிப்பெண்ணுக்கான பருவத்தேர்வு விடைத்தாளில் பதிவெண்ணை மறைத்து வேறெண் இடும் வழக்கம் இருக்கிறது. திருத்துபவருக்கு எழுதியவர் யாரென்று தெரியாது. 25 மதிப்பெண் அகமதிப்பீடு. எழுத்துத் தேர்வு, ஒப்படைப்பு, கருத்தரங்கு, வருகை என்று அது பிரிக்கப்படுகிறது. வழங்குபவருக்கு மாணவரின் முகமும் ஊரும் தெரியும். வேதாரண்யம் வட்டாரத்தில் ஊரும் தெருவும் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துக் கூட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மதிப்பீட்டுக் கருவி கிடைக்கிறது. முகம் தெரியாத தேர்வில் ஒரு பிரிவு மாணவர்கள் மற்றவர்களுக்கு ஏறத்தாழ இணையாகவும், முகம் தெரியும் மதிப்பீட்டில் தொடர்ந்து குறைவாகவும் இருந்தால், துறை ஆசிரியர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. தலைகீழாகவும் இருக்கலாம்: அகமதிப்பெண்ணில் நன்றாக இருப்பவர்கள் பருவத்தேர்வில் சரிந்தால், வினாத்தாளின் மொழியையும், பாடத்திட்டத்துக்கும் வகுப்புக்கும் இடையே உள்ள தொலைவையும் பார்க்க வேண்டும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. பத்துப் பேர் கொண்ட வகுப்பில் ஓராண்டின் வேறுபாட்டை வைத்து எவர்மீதும் குற்றம் சாட்டக் கூடாது. வருகை மதிப்பெண் குறைவதற்கு அறுவடைக் காலக் கூலி வேலை காரணமாக இருக்கலாம்; பேருந்து காரணமாக இருக்கலாம். நான்கைந்து ஆண்டுகளின் எண்களைச் சேர்த்து, காரணத்தைத் தேடும் நோக்கத்தோடு பார்க்க வேண்டும். இதைச் செய்யக் கூடியவர்கள் அக்கல்லூரியின் ஆசிரியர்களே. திருச்சியில் இருக்கும் குழுவோ பெங்களூரில் இருக்கும் நாக் அலுவலகமோ அல்ல.

வினாத்தாளுக்கும் வழி இருக்கிறது. ஒரு தாளுக்கு மூன்று நான்கு வினாத்தாள்களை வெவ்வேறு ஆசிரியர்களிடம் வாங்கி, சிறிய ஆய்வுக்குழு ஒன்று அனைத்தையும் முன்கூட்டிப் படித்து, பிறகு குலுக்கலில் ஒன்றைத் தேர்ந்தால், எது வரப்போகிறது என்பது படித்தவர்களுக்கும் தெரியாது. கசிவைத் தடுப்பதற்காகப் படிக்காமல் இருந்தோம் என்ற விளக்கத்துக்கு அப்போது இடமிருக்காது. அந்த ஆய்வுக்குழுவில் தலித் ஆசிரியர் ஒருவர் இருந்திருந்தால் சேலத்து வினா அச்சேறியிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

மாணவர் அமைப்புகள் இதற்காக எவர் தயவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, 6(1) பிரிவின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு விண்ணப்பம் போதும். பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டியவை: குறிப்பிட்ட துறையின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களின் நியமன ஆணை, கடந்த மூன்றாண்டுகளின் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள், அவற்றில் பதிவான மறுப்புகள், வினாத்தாள் ஆய்வுக்குழு ஒன்று இருக்கிறதா என்பது. கல்லூரியிடம் கேட்க வேண்டியவை: ஒவ்வொரு பட்டப்படிப்பிலும் சேர்ந்தோர், இடைநின்றோர், உரிய காலத்தில் பட்டம் பெற்றோர் எண்ணிக்கை, வகுப்புவாரியாக, அகமதிப்பெண், பருவத்தேர்வு மதிப்பெண் ஆகியவற்றின் சராசரி, வகுப்புவாரியாக. தனி மாணவர் எவருடைய பெயரையும் கேட்காதீர்கள். பெயர் கேட்டால் தனியுரிமையைக் காட்டி மறுப்பார்கள். எண்ணிக்கை கேட்டால் அக்காரணம் நிற்காது. 30 நாளில் விடை வராவிட்டால் 19(1) பிரிவின் கீழ் முதல் மேல்முறையீடு. 'அப்படித் தொகுக்கப்படவில்லை' என்று விடை வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். பட்டியல் சாதி மாணவர் எத்தனை பேர் தேறினார்கள் என்றே பார்க்காமல் அடைவுக் கணக்கு போட்டிருக்கிறோம் என்று கல்லூரியே எழுத்தில் ஒப்புக்கொண்டதாக ஆகும்.

தனிப்பட்ட மாணவருக்கும் ஓர் உரிமை உண்டு. திருத்திய தன் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பார்வையிடவும் படியெடுக்கவும் தேர்வு எழுதியவருக்கு உரிமை இருக்கிறது என்று உச்சநீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 9 அன்று, நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் தீர்ப்பளித்தது. மானியக் குழுவின் 2012ஆம் ஆண்டுச் சமத்துவ ஒழுங்குமுறை, ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்பு மையமும் பாகுபாட்டு எதிர்ப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று நாளைக் காலை முதல்வர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, கல்லூரிக்குள்ளேயே இருந்தும் நாம் பயன்படுத்தாத ஓர் இடம். நாக் வழிகாட்டுதலின்படி அமைக்கப்படும் அகத்தர உறுதிப் பிரிவில் ஆசிரியர்களோடு மாணவர், முன்னாள் மாணவர், உள்ளூர்ச் சமூகம் ஆகிய தரப்புகளுக்கும் பிரதிநிதித்துவம் உண்டு. உள்ளூர்ச் சமூகத்தின் இருக்கை பெரும்பாலும் ஊர்ப் பிரமுகர் ஒருவருக்குப் போகிறது; அவர் விழா மேடைக்கு வருவார், கூட்டத்துக்கு வரமாட்டார். வேதாரண்யத்தில் அந்த இருக்கையில் உப்பளத் தொழிலாளர் ஒருவர் அமர விதி எதுவும் தடையில்லை. மாணவர் இருக்கைக்கு முதல் மதிப்பெண் பெற்றவரைத்தான் அனுப்ப வேண்டும் என்பதும் விதியன்று. இரண்டு அரியரோடு போராடிக்கொண்டிருக்கும் முதல் தலைமுறை மாணவி அந்தப் பட்டப்படிப்பைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லக்கூடும். அப்பிரிவு ஆண்டுதோறும் தர அறிக்கை ஒன்றை அனுப்பியாக வேண்டும். அறிக்கை போவதற்கு முன் அதை அங்கீகரிக்கும் கூட்டம் எந்த நாள், அழைப்பு யாருக்கெல்லாம் போயிற்று, நடவடிக்கைக் குறிப்பில் யார் கையொப்பமிட்டார்கள் என்பதிலிருந்து இந்த ஆண்டுக்கான வேலையைத் தொடங்கலாம்.